சராசரி எங்கே போனது? மாறும் நீரோட்டத்தில் கொந்தளிப்பை ஒலியால் அளப்பது

[திரையில்: கண்ணாடிச் சுவருள்ள ஆய்வகக் கால்வாய்]

பார்த்தால் நீர் அமைதியாகத்தான் ஓடுகிறது. ஒரு சொட்டுச் சாயம் விடுவோம். நேர்க்கோட்டில் போகாமல் சுழன்று, பிய்ந்து, கலைந்துவிடுகிறது, இல்லையா? இதுதான் கொந்தளிப்பு. ஆற்றின் அடியில் கிடக்கும் மணலைக் கிளப்பி மேலே தூக்குவது பெரும்பாலும் இதன் வேலைதான்.

[திரையில்: கருவியின் தலைப்பகுதி, பெரிதாக]

இதை அளக்கும் கருவிக்கு ஒலி டாப்ளர் வேகமானி என்று பெயர், சுருக்கமாக ஏடிவி. நடுவில் இருக்கும் வட்டு ஒலியை அனுப்பும். சுற்றியுள்ள மூன்று அல்லது நான்கு கைகள் எதிரொலியைக் கேட்கும். ஆய்வகக் கருவிகளில் 10 மெகாஹெர்ட்ஸ் ஒலி வழக்கம்; நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

எதிரொலி தருவது நீர் அல்ல, நீரோடு மிதந்து போகும் நுண்துகள்கள். படு சுத்தமான நீரில் இந்தக் கருவிக்கு ஒன்றும் கேட்காது. அதனால் ஆய்வகத்தில் மாவு போன்ற கண்ணாடித் துகளைத் தாங்களே கலந்துவிடுவார்கள். அளக்கும் இடமும் கருவியின் முனையில் இல்லை, அதற்குச் சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி. கருவியே ஓட்டத்தைக் கலைத்துவிடக் கூடாதல்லவா?

அடுத்தடுத்து இரண்டு ஒலித்துடிப்புகள் போகும். அவற்றின் எதிரொலிகளுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டிலிருந்து, அதாவது ஓர் எதிரொலியின் அலை மற்றதைவிட எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து, வேகம் கிடைக்கும். நொடிக்கு 200 முறை வரை இப்படி அளக்கலாம்.

சரி, கருவி தயார். சிக்கல் இனிமேல்தான்.

[திரையில்: வேக வரைபடம், சீரான ஓட்டம்]

ஓட்டம் சீராக இருந்தால் சில நிமிடங்கள் பதிவு செய்து சராசரி எடுக்கலாம். ஒவ்வொரு அளவிலிருந்தும் அந்தச் சராசரியைக் கழித்தால் மிஞ்சும் ஏற்ற இறக்கம்தான் கொந்தளிப்பு. 1895இல் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் காட்டிய வழி இது.

ஆனால் வெள்ளம் ஏறும்போது? மதகைச் சட்டென்று மூடும்போது? சராசரியே ஓடிக்கொண்டிருக்கும்.

[திரையில்: சாய்ந்து ஏறும் கோடு]

ஒரு கணக்குப் போடுவோம். 10 நொடிகளில் வேகம் நொடிக்கு 0.5 மீட்டரிலிருந்து 1.5 மீட்டராக நேர்க்கோட்டில் ஏறுகிறது. சுழல் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்துக்கும் ஒரே சராசரி எடுத்தால் 1 மீட்டர் வரும். அதைக் கழித்துத் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்த்தால் நொடிக்குச் சுமார் 0.29 மீட்டர். இல்லாத கொந்தளிப்பு, கணக்கில் பிறந்துவிட்டது!

ஆய்வகத்தில் இதற்கு வழி உண்டு: அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) வரும்போது ஆற்றை எதிர்த்து வரும் அலைச்சுவரை ஆராய்ந்தவர்கள், ஒரே சோதனையை 25 முறை செய்திருக்கிறார்கள். அலைமுகம் வந்த கணத்தை வைத்து எல்லாப் பதிவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கணத்துக்குக் கணம் சராசரி எடுப்பார்கள். பொறுமை வேண்டிய வேலை. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான வழி இல்லை.

அப்புறம் இரைச்சல். நீர்க்குமிழி குறுக்கே வந்தால் வரைபடத்தில் பொய்யான கூர்முனை எழும். எதிரொலிகளின் ஒப்புமை, அதாவது அடுத்தடுத்த இரண்டு எதிரொலிகளும் ஒத்துப்போகும் அளவு, 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த அளவைத் தூக்கி எறிவது வழக்கம். சீரான ஓட்டத்தில் அது சரி. அலைமுகம் கடக்கும்போதோ, கொந்தளிப்பு கடுமையாக இருப்பதாலேயே ஒப்புமை விழுந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டினால், எதை அளக்க வந்தோமோ அதையே குப்பையில் போடுவோம்.

[திரையில்: ஆற்றில் ஏறி வரும் அலைமுகம்]

பிரான்சின் கரோன் ஆற்றில் இதே அலை நிஜமாகவே வரும். அங்கே 25 முறை கிடையாது, ஒரு ஓதத்துக்கு ஒரே வாய்ப்பு. அதனால் நகரும் சராசரிதான் கைகொடுக்கும்: ஒவ்வொரு கணத்தையும் சுற்றிய சில நொடிகளுக்கு மட்டும் சராசரி எடுப்பது. அந்தச் சில நொடிகள்தான் சன்னல். சன்னல் மிக அகலமானால் அலையின் ஏற்றமும் கொந்தளிப்பாகக் கணக்காகிவிடும். மிகக் குறுகினால் பெரிய சுழல்களைச் சராசரியே விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அகலத்தைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை நொடி என்பதையும் முடிவோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.