மழையும் மணியோசையும்

நேயர்களுக்கு வணக்கம்.

மழைச் சத்தம். தூரத்தில் இடி. தேவாலய மணி ஒன்று மெல்ல ஒலிக்கிறது. திடீரென்று கிட்டார் இறங்குகிறது, மூன்றே சுரங்களோடு. நம் சங்கீத மொழியில் சொன்னால் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்யமம். அந்தப் பிரதி மத்யமத்தில் கிட்டார் நின்று அதிரும்போது, எத்தனை முறை கேட்டிருந்தாலும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். 'மெட்டல்' எனப்படும் கனத்த ராக் இசை வாசித்த இங்கிலாந்துக் குழு பிளாக் சபாத். அதன் முதல் ஆல்பம் தொடங்குவது இப்படித்தான்.

1969 அக்டோபரில் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் ஒரே நாளில் பதிவானது அது. ஆஸி ஆஸ்போர்ன் பாட, டோனி ஐயோமி கிட்டார், கீசர் பட்லர் பேஸ் கிட்டார், பில் வார்ட் டிரம்ஸ். மேடையில் வாசிப்பதுபோலவே நால்வரும் சேர்ந்து வாசித்துத் தள்ளினார்கள். மழையும் மணியும் பிறகு சேர்க்கப்பட்டவை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, இசைத்தட்டு வெளிவந்தது.

ஆனால் அந்தக் கனத்த நாதத்தின் கதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு தொழிற்சாலையில் தொடங்குகிறது. ஐயோமிக்கு அப்போது வயது 17. வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், தகடு இயந்திரத்தில் வலது கை மாட்டி, நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். மனமுடைந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொடுத்தார். தீக்காயத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் கிட்டாரை விடாத மேதை அவர். ஐயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டி, விரல்நுனிக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு மறுபடி வாசிக்க உட்கார்ந்தார்.

உறை போட்ட விரலுக்குத் தந்தி படுவதே சரியாகத் தெரியாது. கனமான தந்தியென்றால் வலி. அதனால் மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் சுருதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கிவிட்டார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு இதம். நாதமோ கனத்துப்போய் அடிவயிற்றில் வந்து இடித்தது. இன்று எத்தனையோ மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கின்றன. இரைச்சல் என்று இதை ஒதுக்குகிறவர்களிடம் நான் அந்த இரண்டு விரல்களைத்தான் சொல்வேன்.

இடையில், 1970-லேயே, இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்ட்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் தலைப்புப் பாடல், ஆல்பத்தில் இடம் நிரப்ப அவசரமாகக் கட்டியது! 1979-இல் ஆஸி வெளியேற, பாட ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980-இன் 'ஹெவன் அண்ட் ஹெல்' எனக்கு முதல் ஆல்பங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல. பிறகு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். எல்லா ஆல்பங்களிலும் இருப்பவர் ஐயோமி ஒருவரே.

2013-இல் ஆஸியும் பட்லரும் ஐயோமியோடு சேர்ந்து '13' என்ற கடைசி ஆல்பத்தைத் தந்தார்கள். பில் வார்ட் அதில் இல்லை; அந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பாடலில் கிட்டார் அடங்குகிறது. மழை பெய்கிறது. தூரத்தில் இடி. அதே மணி ஒலிக்கிறது.