கொக்கி கடித்திருக்கிறதா?

வணக்கம். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வானொலியின் அலைவரிசை 101, தீயணைப்புத் துறையின் தொலைபேசி எண்ணும் 101. இந்தப் பொருத்தத்தைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. தீத்தொண்டு வாரத்துக்காக என்னை அழைத்திருக்கிறார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் ஒன்று வெடித்து, அணைக்கப் போன வீரர்கள் பலர் செத்துப்போனார்கள், அந்த நாளைத்தான் வருஷாவருஷம் நினைத்துக்கொள்கிறோம். நமக்குச் சித்திரை ஒன்றாம் தேதியும் அதையொட்டியே வரும். வீட்டில் கனி பார்த்த கையோடு தீயணைப்பு நிலையத்துக்குப் போய் அணிவகுப்பில் நின்ற வருஷங்கள் எனக்கு நிறைய உண்டு.

எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஏணி என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாவம், சிலிண்டர் பற்றியோ பட்டாசு பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதையெல்லாம் எத்தனையோ பேர் பேசியாகிவிட்டது. ஏணி பற்றி யாரும் பேசுவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த சாமான் என்ற நினைப்பு, விழுகிறவர்கள் விழுவதே அந்த நினைப்பினால்தான்.

எங்கள் வண்டியின் தலையில் நீளமாகப் படுத்திருக்குமே, அது 35 அடி எக்ஸ்டென்ஷன் லேடர், நீட்டிக்கொள்ளும் ஏணி. அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை, அதன் தம்பிமார்களைப் பற்றி. கொக்கி ஏணி, கூரை ஏணி, மடக்கு ஏணி, நூலேணி என்று ஒவ்வொன்றும் ஒரு தனி வேலைக்காகச் செய்தவை. சாதாரண ஏணிக்கு இரண்டு கால் தரையில் இருக்கும், தலை சுவரில் சாய்ந்திருக்கும், அகலம் போதுமான அளவு இருக்கும். விசேஷ ஏணி இதில் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் விசேஷமாகியிருக்கிறது. ஒன்றுக்குத் தரை கிடையாது, இன்னொன்றுக்கு அகலம் கிடையாது, வேறொன்றுக்கு விறைப்பே கிடையாது. எது இல்லை என்று தெரியாமல் காலை வைத்தால் அந்த இல்லாத இடத்தில்தான் வைப்போம்.

முதலில் கொக்கி ஏணி. நாங்கள் ஹூக் லேடர் என்போம். 13 அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், ஒரு ஆள் தூக்கும் எடை, தலையில் பல் வைத்த நீண்ட இரும்புக் கொக்கி. இதைத் தரையில் ஊன்றுவதில்லை. மேல்மாடி ஜன்னல் கட்டையில் கொக்கியை மாட்டித் தொங்கவிட்டு ஏற வேண்டும். ஜன்னலுக்குப் போனதும் ஒரு காலை உள்ளே போட்டு, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி கட்டைமேல் உட்கார்ந்து, ஏணியைக் கைமாற்றி மேலே இழுத்து, அடுத்த மாடி ஜன்னலில் மாட்டி, திரும்ப ஏறு. இப்படியே எத்தனை மாடியானாலும் போகலாம், ஏணி என்னவோ ஒரு மாடி உயரம்தான். பிரெஞ்சுக்காரர்களின் பாம்பியே ஏணி என்று இதற்கு ஒரு அண்ணன் உண்டு, அதில் இரண்டு பக்கச் சட்டம்கூடக் கிடையாது, நடுவில் ஒரே தண்டு, இருபுறமும் படிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாம்பியே என்றால் அவர்கள் மொழியில் தீயணைப்பாளர் என்றே அர்த்தம். நம் மலையோரத்தில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கிலில் கணுக்கிளையை மிச்சம் வைத்து வெட்டிச் சாய்ப்பார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை.

எங்களோடு பயிற்சியில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா பனையேறி, அவனும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே காலில் திளாப்பு என்கிற நார்வளையத்தை மாட்டி ஏறிப் பழகியவன். நாங்கள் பயிற்சிக் கோபுரத்தின் இரண்டாவது மாடியில் முழங்கால் நடுங்கி உட்கார்ந்திருக்கும்போது அவன் உச்சியிலிருந்து கை காட்டுவான். பயிற்றுநர் அவனைத்தான் அதிகம் திட்டுவார், எங்களுக்கு அது புரியவே இல்லை. ஒருநாள் விளக்கினார்: பனை நகராது, அதனால் இவன் கண் எப்போதும் தன் கையையும் காலையும் பார்க்கிறது, கொக்கியைப் பார்ப்பதே இல்லை. பனையில் உடம்பைப் பின்னால் சாய்த்தால்தான் திளாப்பு பிடிக்கும். கொக்கி ஏணியில் பின்னால் சாய்ந்தால் ஏணி சுவரைவிட்டு விலகி, கொக்கியின் பல் கட்டையிலிருந்து நழுவப் பார்க்கும். உடம்பு ஏணியோடு ஒட்டி, எடை நேராகக் கீழே இறங்க வேண்டும். பக்கவாட்டில் எட்டி எதையும் எடுக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஆள். இடுப்பு பெல்ட்டின் கொக்கியை ஏணியில் மாட்டிய பிறகுதான் இரண்டு கையையும் விடலாம். பயிற்சியில் மேலிருந்து ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டாயம் இருக்கும், கீழே வலை இருந்தாலும் கயிறு கயிறுதான்.

உண்மையைச் சொன்னால், இன்றைய நம் ஊர் வீடுகளில் கொக்கி ஏணிக்கு வேலை குறைவு. எந்த ஜன்னலைப் பார்த்தாலும் கிரில், கடைக்கட்டடமானால் முகப்பு முழுக்கக் கண்ணாடி, கொக்கி எங்கே மாட்டும்? பிறகு ஏன் பழக வேண்டும் என்று புது ஆட்கள் கேட்பார்கள். உயரத்தில் தன் கையை நம்பப் பழகுவதற்கு என்று சொல்வோம், எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ரஷ்யா பக்கத்தில் இதைப் பந்தயமாகவே நடத்துகிறார்கள், நான்காம் மாடி வரை கொக்கி ஏணியில் ஓட்டம். பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரொம்பவும் வேண்டியது கூரை ஏணி. ஓட்டு வீடுகள் இன்னும் எத்தனை இருக்கின்றன, ரப்பர் ஷீட் புகை போடும் கூடுகள், முந்திரி ஆலைகளின் பழைய கொட்டகைகள் என்று சாய்ந்த கூரைக்குக் குறைவில்லை. இந்த ஏணியின் தலையில் இரண்டு கொக்கிகள் மடங்கியிருக்கும், விரித்தால் கூரையின் முகட்டைத் தாண்டி மறுபக்கம் பிடிக்கும். ஏணி கூரைமேல் படுத்திருக்கும், அதன் கால் எதிலும் ஊன்றியிருக்காது. மொத்த எடையும் அந்த இரண்டு கொக்கியில்தான்.

தூக்கிக்கொண்டு போகும்போது கொக்கியை விரிக்கக் கூடாது, முன்னால் நிற்பவன் முகத்தைக் கிழித்துவிடும். இறவாரத்துக்குப் போன பிறகு விரித்து, கொக்கி வானத்தைப் பார்க்கும்படி ஏணியை மல்லாத்திக் கூரைமேல் தள்ளிக்கொண்டு போய், முகட்டைத் தாண்டியதும் புரட்டிப் போட வேண்டும். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன்.

சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத காலம். ஒரு வீட்டின் சமையலறைக் கூரையில் தீ, ஓட்டைப் பிரித்துத் தண்ணீர் விட வேண்டும். புரட்டிப் போட்டேன், சத்தம் வந்தது, ஏறிவிட்டேன். நாலாவது படியில் முகட்டு ஓடு நொறுங்கி ஏணி என்னோடு ஒரு முழம் சறுக்கியது. கொக்கி ஓட்டைத்தான் பிடித்திருக்கிறது, அதன் கீழே இருக்கும் மரத்தைப் பிடிக்கவில்லை. நல்ல காலம், சறுக்கின வேகத்தில் கழுக்கோல் என்கிற கூரைச் சட்டம் ஒன்றில் போய் மாட்டி நின்றது. கீழே இருந்த முன்னணித் தீயணைப்போர் என்னை இறங்கச் சொல்லி, அந்தப் புகையிலும் நிதானமாகக் கேட்டார்: "எலே மக்கா, சத்தம் கேட்டா போதுமா? கொக்கி கடிச்சிருக்கான்னு இழுத்துப் பாக்காண்டாமா?" அதற்குப் பிறகு முப்பது வருஷம் இழுத்துப் பார்க்காமல் ஏறியதில்லை. ஏணியை நம் பக்கம் நன்றாக இழுக்க வேண்டும், ஓடு உடைவதானால் நாம் கீழே நிற்கும்போதே உடையட்டும்.

இன்னொன்று, கூரை ஏணிக்குப் போக இன்னொரு ஏணி வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால் மாற்றும் இடத்தில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். அதனால் கீழ் ஏணி இறவாரத்தோடு நின்றுவிடாமல் மூன்று படியாவது மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மாறும்போது பிடிக்க அதுதான் கைப்பிடி. தீயில் பாதி வெந்த கூரையில் ஓட்டின்மேல் நேராகக் காலே வைக்கக் கூடாது.

மடக்கு ஏணி பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். படிகள் மடங்கி இரண்டு சட்டமும் ஒட்டி ஒரே கம்பு போல ஆகிவிடும், குறுகலான நடையில் திருப்பி, மச்சுக்குப் போகும் சின்னத் துவாரம் வழியாக மேலே விடலாம். அகலத்தை விட்டுக்கொடுத்த ஏணி இது. அமெரிக்கத் தர விதிகளில் சாதாரணத் தீயணைப்பு ஏணிக்கு 750 பவுண்டு, அதாவது சுமார் 340 கிலோ வரை அனுமதி, மடக்கு ஏணிக்கும் பாம்பியே ஏணிக்கும் 300 பவுண்டுதான், 136 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் 75 கிலோ, முதுகில் சுவாசக் கருவி 15 கிலோ, பூட்ஸ், ஹெல்மெட், கோடரி, நனைந்த உடுப்பு எல்லாம் சேர்த்தால் நூறு எளிதாகத் தாண்டிவிடும். தோளில் ஒருவரைப் போட்டுக்கொண்டு இறங்க இந்த ஏணி ஆகாது. விரிக்கும்போது பூட்டு விழுந்ததா என்று பார்க்க வேண்டும், விரல் நசுங்குவது இதில் சர்வசாதாரணம், என் இடதுகைச் சுண்டுவிரல் சாட்சி.

நூலேணி கிணற்றுக்கு. நம் பக்கத்துக் கிணறுகளில் ஆட்டுக்குட்டியிலிருந்து ஆட்கள் வரை விழுவதுண்டு. நூலேணியில் முன்பக்கமாக ஏறினால் கால் முன்னே ஓடி, நாம் மல்லாந்து தொங்குவோம். கையைப் பின்பக்கமாகச் சுற்றிப் பிடித்து, ஒரு காலின் குதிகாலைப் பின்னாலிருந்து படியில் வைத்தால் ஏணி உடம்போடு நிற்கும். ஆனால் கிணற்றில் ஏணியைவிடக் காற்று முக்கியம், மூடிக்கிடந்த கிணற்றில் நச்சுக்காற்று இருக்கலாம், சுவாசக் கருவியும் உயிர்க்கயிறும் இல்லாமல் எங்கள் ஆட்களே இறங்க மாட்டார்கள். விழுந்தவரைத் தூக்க வீட்டுக்காரர் இறங்கி, அவரைத் தூக்க பக்கத்து வீட்டுக்காரர் இறங்கும் கதை வேண்டாம்.

காற்று என்றதும் ஆரல்வாய்மொழி நினைவுக்கு வருகிறது. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்றில் 35 அடி ஏணியை நிமிர்த்துவது என்பது பாய்மரம் நிறுத்துவது மாதிரி. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? தலையில் இரண்டு கயிறு கட்டி ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்துத்தான் நிமிர்த்த வேண்டும். சுவரில் சாய்த்த பிறகுதான் அவசரப்படுவோம், நீட்டிய பகுதியின் பூட்டு படியில் உட்கார்ந்ததா, இழுத்த கயிற்றைக் கட்டியாயிற்றா என்று பார்க்காமல் ஒருவர் கால் வைத்தால் மேல் ஏணி அவரோடு இறங்கிவிடும்.

நிமிர்த்துவதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். இது எங்களுக்கும் உங்களுக்கும் பொது. அலுமினிய ஏணியைப் படுக்கவைத்துத் தூக்கி வரும்போது ஆபத்தில்லை, தோப்பில் நிமிர்த்தும்போது மின்கம்பி மேலே காத்திருக்கும். உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே மின்சாரம் தாவிவிடும். பத்தடியாவது தள்ளி இருங்கள். மூங்கில்தானே என்று நினைக்காதீர்கள், நனைந்த மூங்கில் மின்சாரத்தை விடாமல் இருக்காது, நம் ஊரில் எது நனையாமல் இருக்கிறது?

தீயிலிருந்து திரும்பிய அலுமினிய ஏணியை நாங்கள் தோசைக்கல்லைப் பார்ப்பது போலப் பார்ப்போம். தண்ணீர் பட்டு 'சுர்' என்று ஆவியானால் அந்த ஏணியைச் சோதிக்காமல் திரும்ப வண்டியில் ஏற்றக் கூடாது. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும் என்பது சரி, ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே வலுவை விடத் தொடங்கிவிடும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் சில ஏணிகளில் ஒரு சின்ன ஒட்டு ஒட்டியிருப்பார்கள், 149 டிகிரி சூடு பட்டால் அது கறுத்துவிடும். குளச்சல், முட்டம் பக்கம் போய்வந்த ஏணியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், உப்புக்காற்று கொக்கியின் ஆணியை உள்ளுக்குள் தின்றுவிடும்.

மர ஏணிக்கு வார்னிஷ் மட்டும் அடிப்போம், பெயின்ட் அடிக்கவே மாட்டோம். பெயின்ட் கீறலை மூடிவிடும். கேட்டுக்கு அடித்து மிச்சமான பச்சைப் பெயின்டை வீட்டு ஏணிக்கு அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, என் மைத்துனரிடமும் உண்டு, சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டி கழுவ ஏறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏணி சாய்ந்திருக்கும் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரத்தில் அதன் கால் இருக்க வேண்டும், 12 அடி உயரமென்றால் சுவரிலிருந்து 3 அடி. அளக்க டேப் வேண்டாம். கால்விரல் ஏணியின் காலைத் தொடும்படி நின்று, கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியைத் தொட்டால் சரி.

வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார். இன்னும் ஒன்றே ஒன்று. 101-க்கு அழைக்கும்போது பதற்றத்தில் "வீடு எரியுது, சீக்கிரம் வாங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். ஓட்டு வீடா கான்கிரீட்டா, எத்தனை மாடி, வண்டி வருகிற அளவு தெரு அகலமா, பக்கத்தில் மின்கம்பி போகிறதா, இவ்வளவையும் சொன்னால் எங்கள் ஆட்கள் வண்டியில் வரும்போதே எந்த ஏணியை முதலில் இறக்குவது என்று பேசிவைத்துக்கொண்டு வருவார்கள். கேட்டதற்கு நன்றி, வணக்கம்.