குழந்தையின் ஆய் பார்க்க 11½ வருடப் படிப்பா?

பதினொன்றரை வருடம் படித்த ஒரு டாக்டர், ஜன்னலோரம் ஒரு டயப்பரை விரித்து வைத்துக் குனிந்து பார்க்கிறார். பக்கத்தில் அவரிடம் பயிற்சி பெறும் ஜூனியர் டாக்டரும் குனிந்து பார்க்கிறார். சாப்பிட்டுக்கொண்டே வீடியோ பார்க்கிறவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். இன்றைக்கு முழுக்க இதே பேச்சுதான்.

வணக்கம்! தலைப்பு, குழந்தைகளுக்கான குடல், கல்லீரல் சிறப்புப் படிப்பு. பீடியாட்ரிக் கேஸ்ட்ரோஎன்ட்ராலஜி. ஒரு தடவைதான் சொல்வேன், நாக்கு சுளுக்கிக்கொள்கிறது.

படிப்புக் கணக்கை மடமடவென்று முடித்துவிடலாம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. 3 வருடம். அப்புறம் நீட் எஸ்.எஸ்., ஐ.என்.ஐ. எஸ்.எஸ். மாதிரி நுழைவுத் தேர்வு எழுதி, டி.எம். என்கிற உயர்சிறப்புப் படிப்பு இன்னும் 3 வருடம். லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனம், சண்டிகரில் பி.ஜி.ஐ. போன்ற இடங்களில் படிக்கலாம். ஒரு வருடம்கூட வீணாகாமல் படித்தாலே வெளியே வரும்போது வயது முப்பதைத் தொட்டுவிடும். வீட்டில் பெண் பார்க்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சரி, பெரியவர்களுக்கு வயிறு பார்க்கும் டாக்டரே குழந்தையையும் பார்க்கக் கூடாதா? ஒரு சின்னக் கணக்கு. பிறந்த குழந்தையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். அதன் சிறுகுடல் மட்டும் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். தன்னைப்போல் ஐந்து மடங்கு நீளக் குடலை அந்தக் குட்டி வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருக்கிறது! பெரியவர்களுக்கு எண்டோஸ்கோப்பி செய்யும் குழாய் ஒரு சென்டிமீட்டர் பருமன் இருக்கும். பச்சைக் குழந்தைக்கு அதில் பாதி பருமன்தான் தாங்கும். உள்ளே பார்ப்பதற்காக ஊதும் காற்று கொஞ்சம் கூடினால், வயிறு உப்பி மேலே நெருக்கி, குழந்தைக்கு மூச்சு முட்டும். காற்று ஊதும் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது விரலுக்குப் பழக வேண்டிய வித்தை.

இப்போது டயப்பருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள், “காலை வெயிலில் காட்டு, சரியாகிடும்” என்கிறார்கள். 14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால்? அங்கேதான் இந்த டாக்டரின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

மலத்துக்கு நிறம் கொடுப்பது கல்லீரலில் இருந்து குடலுக்கு வரும் பித்தம். சில குழந்தைகளுக்குப் பித்தம் வரும் குழாய் கல்லீரலுக்கு வெளியே தழும்பேறி அடைத்துப்போகிறது. பித்தநாள அடைப்பு நோய். வர வேண்டிய பித்தம் வராததால், மஞ்சளாக இருக்க வேண்டிய ஆய் வெளுக்கிறது. சுண்ணாம்பு மாதிரி, அரைத்த மாவு மாதிரி. வெளியே போக வழியில்லாத நிறமி சிறுநீரில் இறங்க, மூத்திரத் துணியில் அடர்மஞ்சள் கறை. இதில் கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும், எடையும் ஏறும். யாருக்குச் சந்தேகம் வரும்?

இதற்கு ஓர் அறுவை சிகிச்சை உண்டு. ஜப்பானைச் சேர்ந்த மோரியோ கசாய் 1950களில் கொண்டுவந்தது. சிறுகுடலின் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கல்லீரலின் அடிவாசலிலேயே நேராகத் தைத்துவிடுவார்கள். கத்தியைப் பிடிப்பவர் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர். நம்மாளின் வேலை, நேரத்தோடு கண்டுபிடித்து அவரிடம் சேர்ப்பது. குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால் நல்லது. நாள் தள்ளத் தள்ள வாய்ப்பு குறைகிறது. பலருக்குக் கடைசியில் கல்லீரல் மாற்று வரை போகும். உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று செய்ய முதல் காரணமே இந்த நோய்தான்.

தைவான்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2004இல் நாடு முழுக்க, பிரசவமான தாய்மார்களுக்கு ஆயின் நிறங்களை அச்சடித்த அட்டையைக் கொடுத்தார்கள். பெயின்ட் கடையில் ஷேடு கார்டு பார்ப்போமே, அதே மாதிரி! குழந்தையின் ஆயை அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறிய பக்கம் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும். 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை கிடைத்த குழந்தைகள் அதிகமானார்கள். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, ஒரு அட்டை. என்னைக் கேட்டால், தடுப்பூசிப் புத்தகம் ஒவ்வொன்றிலும் இது ஒட்டியிருக்க வேண்டும்.

“போனில் போட்டோ எடுத்து வந்திருக்கிறேன் டாக்டர்” என்று சொல்கிற அம்மாக்களே, நல்ல வேலை செய்தீர்கள். ஆனால் இரவு பல்பு வெளிச்சத்தில் வெள்ளை ஆயும் மஞ்சளாகத் தெரியும். பகலில் எடுங்கள், முடிந்தால் டயப்பரையே மடித்து எடுத்துப் போங்கள். முதல் காட்சியில் அவர்கள் ஜன்னலோரம் போனது அதற்குத்தான்.

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதை அனுப்புங்கள். சப்ஸ்கிரைப் அப்புறம் செய்துகொள்ளலாம்.

அடுத்த வீடியோ பட்டன் பேட்டரி பற்றி. 2032 என்று போட்டிருக்கும் பேட்டரியின் விட்டம் 20 மில்லிமீட்டர், புது ஒரு ரூபாய்க் காசும் அதே 20. காசு தொண்டையில் மாட்டினால் கொஞ்சம் அவகாசம் இருக்கலாம். பேட்டரி மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். குழந்தை விழுங்கியதோ என்று சந்தேகம் வந்தாலே, என் வீடியோவுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.