தங்கம் போடும் முன் ஒரு கேள்வி

வணக்கம். பின்னால் உறுமுவது வேக்குவம் பம்ப், அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன். மேசை மேல் இருக்கும் இந்தப் பெட்டிதான் ஸ்பட்டர் கோட்டர், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் போகும் பொருள் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசும் கருவி. இன்று உள்ளே போவது செம்பருத்தி மகரந்தம். இரண்டு நாள் டெசிகேட்டரில், அதாவது ஈரத்தை உறிஞ்சும் மூடிய பாத்திரத்தில், உலர்த்தியது. ஈரம் இருந்தால் வேக்குவம் லேசில் இறங்காது.

இந்த அலுமினிய ஸ்டப்தான் பொருளைத் தாங்கும் குட்டி மேடை; இதில் கார்பன் டேப் ஒட்டி, அதன் மேல் மகரந்தத்தைத் தட்டியிருக்கிறேன். ஒட்டாத தூளை இப்படி ஊதி எடுத்துவிட வேண்டும்.

மகரந்தம் மின்சாரத்தைக் கடத்தாது. எலக்ட்ரான் கற்றை பட்டால் மின்னூட்டம் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். படத்தில் ஒரு பக்கம் கண்கூசும் வெள்ளை, இன்னொரு பக்கம் கோடுகோடாக இழுப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் நகரும். இதுதான் சார்ஜிங். மேலே மெல்லிய உலோகப் படலம் இருந்தால் அந்த மின்னூட்டம் ஸ்டப் வழியாக இறங்கிவிடும்.

சரி, வேக்குவம் வந்துவிட்டது. ஆர்கான் வாயுவைத் திறக்கிறேன், 0.05 மில்லிபாரில் நிறுத்துகிறேன். மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். இதோ, ஊதா வெளிச்சம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. மேலே இருக்கும் தங்கத் தகட்டை ஆர்கான் அயனிகள் இடிக்கின்றன, தெறிக்கும் தங்க அணுக்கள் கீழே படிகின்றன. பழைய ட்யூப் லைட்டின் இரண்டு முனையும் கறுத்திருக்குமே, அதிலும் இந்த வேலைக்குப் பங்கு உண்டு. அங்கே தொல்லை, இங்கே உபயோகம்.

இந்த மெஷினில் 60 விநாடிக்குச் சுமார் 8 நானோமீட்டர் படியும். அது போதும். "இன்னும் கொஞ்சம் போடுங்க அக்கா" என்று மாணவர்கள் கேட்பார்கள். நகைக்கடையா இது? 50,000 மடங்குக்குப் பெரிதாக்கினால் தங்கமே வெடித்த ஏரித்தரை மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும். ஒருவர் அந்தத் திட்டுகளைத் தன்னுடைய நானோ துகள்கள் என்று நினைத்துச் சந்தோஷமாக அளந்துகொண்டிருந்தார். அவ்வளவு பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் பிளாட்டினமோ தங்கம்-பல்லேடியமோ போடுங்கள், மணிகள் பொடியாக விழும்.

அப்புறம் என் சொந்தக் கூத்து ஒன்று. ஒரு பெண் எலும்புத்தூள் சாம்பிள் ஒன்று கொண்டுவந்தாள். நான் எதையும் விசாரிக்காமல் அழகாகப் பிளாட்டினம் போட்டுவிட்டேன். படம் அருமை. அதன் பிறகுதான் அந்தப் பெண் "ஈடிஎஸ்ஸில் கால்சியம், பாஸ்பரஸ் விகிதம் வேண்டும்" என்றாள். பொருளிலிருந்து வரும் எக்ஸ்ரேயை வைத்து அதில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஈடிஎஸ். பாஸ்பரஸின் எக்ஸ்ரே கோடு 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பிளாட்டினத்தின் கோடு 2.05. இரண்டும் ஒரே மேடாகக் கலந்துவிட்டன. தங்கம் போட்டிருந்தாலும் 2.12-இல் வந்து நெருக்கியிருக்கும். பூசியதைச் சுரண்டவா முடியும்? மீதித்தூளில் புது ஸ்டப் செய்து கார்பன் பூசினோம். நல்லவேளை, கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாள். அன்றிலிருந்து கோட்டிங் பதிவேட்டில் முதல் கட்டமே "எதைப் பார்க்கப் போகிறீர்கள்?"தான்.

இன்னொன்று, தங்கம் மேலிருந்துதான் விழுகிறது. உருண்டையின் அடிப்பக்கம் வெறுமையாகவே இருக்கும். அதனால்தான் ஸ்டப்பைச் சாய்த்து, சுழலவிட்டிருக்கிறேன். உயரமான கல் சாம்பிளுக்கெல்லாம் மின்னூட்டம் ஸ்டப்புக்கு இறங்க, பக்கவாட்டில் ஒரு தீற்று சில்வர் பேஸ்ட் வைத்துவிடுங்கள்.

வெளிச்சம் அணைந்துவிட்டது. காற்றை உள்ளே விடுகிறேன்... கிளவுஸ் இல்லாமல் தொடாதீர்கள். மஞ்சள் மங்கிவிட்டது, பாருங்கள். கேமராவைத் தூக்கிக்கொள்கிறேன், மைக்ரோஸ்கோப் பக்கத்து அறையில்.