பக்கத்தில் இருக்கிற கிளாஸ்தான் நல்ல கிளாஸ்: எங்கள் வீட்டு 2025

வணக்கம் மக்களே. ஸ்ரீரங்கத்திலிருந்து பேசுகிறேன். வழக்கம்போல அடுக்களையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் கூடத்தில் அரையாண்டு லீவில் இருக்கும் இரண்டு பேர் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சத்தம் பின்னால் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். யாராவது அழுதால் மட்டும் எழுந்து போவேன்.

வருடக் கடைசி, ஆளாளுக்கு அந்த வருடம் எப்படிப் போனது என்று வீடியோ போடுகிறார்கள், நானும் போட்டுவிடுகிறேன். என்னிடம் அதிகம் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: நீயும் வேலைக்குப் போகிறாய், அவரும் போகிறார், இரண்டு பிள்ளைகளை டான்ஸ், செஸ், ஹிந்தி, நீச்சல் என்று எப்படி அனுப்புகிறாய்? பதில் ரொம்பச் சுருக்கம். நான் அனுப்பவில்லை. என் மாமனார் அனுப்புகிறார். அவரும் அவருடைய பழைய டிவிஎஸ் எக்ஸெல்லும் இல்லையென்றால் எங்கள் வீட்டில் ஒரு கலையும் வளராது.

அதனால் பிள்ளையைக் கிளாஸில் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாஸ்டர் யார், எத்தனை சர்டிபிகேட் தருவார், ஃபீஸ் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கொண்டுபோய் விடுவது யார், கூட்டிக்கொண்டு வருவது யார், நடுவில் இருக்கும் ஒரு மணி நேரம் அந்த ஆள் எங்கே உட்காருவார்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் மூன்றாம் மாதம் நின்றுவிடும், கட்டின பணமும் போய்விடும்.

நீச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் பெரியவளும் சின்னவனும் கேட்டார்கள், குளம் இருப்பதோ கன்டோன்மென்ட் தாண்டி. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தெரியும், ஆற்றைத் தாண்டவேண்டும் என்றால் காவிரிப் பாலத்தைத் தாண்டவேண்டும், பக்கத்திலேயே புதுப் பாலத்து வேலை வேறு நடந்துகொண்டிருந்தது, காலை ஆறரை மணிக்கே அங்கே நெரிசல். தண்ணீருக்குள் இருக்கும் நேரம் நாற்பத்தைந்து நிமிடம், ரோட்டில் இருக்கும் நேரம் அதற்கு இரண்டு மடங்கு. மாமா வெயிலில் போய் வந்து தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்த அன்றோடு அதை நிறுத்தினோம். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், சரி, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதே நேரம் பெரியவள் டான்ஸ் கிளாஸ் மூன்று தெரு தள்ளி, அவளே சைக்கிளில் போகிறாள், ஐந்து வருடமாக நிற்காமல் ஓடுகிறது. அந்த டீச்சர் ஊரிலேயே சிறந்தவரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று தெரு தள்ளி இருக்கிறார்.

லீவுக்கும் இதே கணக்குதான். மே மாதம் கொடைக்கானல் போகலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போகவேண்டும், அது எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஆனால் அதற்கப்புறம் மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நிற்பது இருக்கிறதே, சின்னவன் இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுப்பான். அதனால் ராமேஸ்வரம் என்று முடிவானது. ஏப்ரல் 6ஆம் தேதிதான் புது பாம்பன் பாலம் திறந்திருந்தார்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினதிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ரயிலே இல்லாமல் இருந்தது, மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டியிருந்தது, அதனால் சின்னவன் அந்தப் பாலத்தில் போனதே இல்லை.

அவன் என்ன நினைத்திருக்கிறான் என்றால், நடுவில் இருக்கும் அந்தத் தூக்குப் பாலம் நாங்கள் போகும்போது ரயிலோடு சேர்ந்து மேலே போகும் என்று. லிஃப்ட் மாதிரி. கப்பல் வரும்போதுதான் தூக்குவார்கள், ரயில் வரும்போது தூக்கினால் நாம் எங்கே போவோம் என்று மாமா எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இந்தப் பக்கம் 1914இல் திறந்த பழைய பாலம், அந்தப் பக்கம் கடல், பெட்டியில் எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள், இவன் மட்டும் ‘இன்னும் ஏன் தூக்கவில்லை’ என்று கேட்டுக்கொண்டே தீவுக்கு வந்து சேர்ந்தான்.

கோவிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் குளித்தோம். அத்தை கணக்கு வைத்துக்கொண்டே வந்தார், ஒன்றைக் கூட விடவில்லை. மறுநாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது, ரயிலோடு ஆட்கள் போனார்கள் என்று மாமா இடிந்த சர்ச்சைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவள் ரொம்ப அமைதியாகிவிட்டாள். சரி, மனதில் பட்டிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அரிச்சல்முனையில் அலை வந்து அவள் கண்ணாடியைக் கொண்டுபோயிருக்கிறது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அரை மணி நேரமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். மீதிப் பயணம் முழுக்க அவளுக்கு எல்லாமே மங்கல்தான். திரும்பி வந்து புதுக் கண்ணாடி போட்டபோது பவரும் கொஞ்சம் கூடியிருந்தது, அதனால் எப்படியும் மாற்றியிருக்க வேண்டும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம், நடுவில் சொல்லிவிடுகிறேன். ரிசர்வேஷன் இப்போது அறுபது நாள் முன்னால்தான் திறக்கிறது, பழைய நூற்றிருபது நாள் கணக்கில் இருக்காதீர்கள். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட், பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட். ராத்திரிப் பயணத்தில் அரை டிக்கெட் எடுத்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒன்பது வயதுப் பையனோடு ஒரே பெர்த்தில் படுத்தவர்களுக்குத்தான் அந்த உதை தெரியும்.

ஜூன் 2ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்தது. ஜூன் 12இல் மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள், அந்த மாதம் முடிவதற்குள்ளேயே அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது, ஆடி வருவதற்கு முன்பே இங்கே காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. இந்த வருடம் பதினெட்டாம் பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு, அமோகமாகக் கொண்டாடலாம் என்று அத்தை ஒரு மாதம் முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சின்னவன் கையை உடைத்துக்கொண்டான்.

எங்கே உடைத்தான் தெரியுமா? பெரியப்பா பையன் சிலம்பம் கற்கிறான், அதைப் பார்த்து இவனும் கேட்டபோது கை கால் உடையும் என்று வேண்டாம் என்றோம். கடைசியில் உடைத்தது எங்கள் வீட்டுக் கூடத்தில். ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடி, அது முன்னால் போகும்போது சோபாவுக்குத் தாவியிருக்கிறான். வலது மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. வீங்கவே இல்லை, லேசாக வளைந்த மாதிரி மட்டும் இருந்தது. பச்சைக் குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் நார் நாராகப் பிளந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும் இல்லையா, சின்னப் பிள்ளைகளின் எலும்பு பல நேரம் அப்படித்தான் முறியும் என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார். அத்தைக்கு அதெல்லாம் ஏறவில்லை, புத்தூர் கட்டுதான் போடவேண்டும், எங்கள் அண்ணனுக்கு அதில்தான் கூடியது என்று ஒரே பிடி. டாக்டர் மாவுக்கட்டு போட்டு அனுப்பிய பிறகும் இரண்டு வாரம் அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார்.

ஆடிப்பெருக்கு அன்று கையில் பாலிதீன் உறையைக் கட்டி அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப்போனோம். படித்துறைக்குக் கீழே விடவில்லை, கூட்டமும் தண்ணீர் வேகமும் அப்படி. அத்தை காதோலை கருகமணி, பழம், மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துப் பூஜை முடித்து எங்கள் கழுத்தில் கயிறு கட்டி, அப்புறம் தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம் என்று தூக்கைத் திறந்தார். சின்னவன் இடது கையால் சப்பரத்தை இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் போனான், எதிரே வந்த எல்லாப் பாட்டிகளும் ‘கையில் என்னடா கண்ணு’ என்று கேட்க, எல்லாரிடமும் ஒவ்வொரு கதை சொல்லியிருக்கிறான். ஒருவரிடம் மாடு முட்டியது என்றானாம்.

கட்டுக்குள் அரிக்கும், எதையும் உள்ளே விடாதே என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கட்டை வெட்டின அன்று அந்த ரம்பம் ‘கொர்’ என்றதும் இவன் அலற, அவர் சிரித்துக்கொண்டே பிளேடைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், அது சுற்றாது, அதிரத்தான் செய்யும், தோலை ஒன்றும் செய்யாது. கட்டு பிளந்தபோது உள்ளேயிருந்து பென்சில் மேலே இருக்கும் ரப்பர் ஒன்று விழுந்தது. பின்னாலேயே ஒரு ஜவ்வு மிட்டாய்க் காகிதம். டாக்டர் அதைத் தட்டில் எடுத்து வைத்து, ‘இது எப்படி அங்கே போனது?’ என்று கேட்டார். இவன் கூரையைப் பார்த்தான்.

ஆனால் கட்டு இருந்த அந்த நாட்களில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்ததால் மூன்று நாள் சேர்ந்த லீவு, ஒரு செஸ் டோர்னமென்ட்டுக்கு முன்பே பணம் கட்டியிருந்தோம். குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் தெருவில் மட்டும் எத்தனை செஸ் கிளாஸ் வந்துவிட்டது என்று எண்ண முடியவில்லை. இவனுக்கு வலது கை மாவுக்கட்டுக்குள், காயை இடது கையால் நகர்த்திவிடலாம், நகர்த்தின அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்தவேண்டும், அதுவும் சரி. ஆனால் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதவேண்டுமே? நடுவரிடம் கேட்டோம். எழுத முடியாத ஆட்டக்காரர் ஒரு உதவியாளரை வைத்துக்கொள்ளலாம், நடுவர் ஒப்புக்கொள்ளவேண்டும், அதற்கு ஈடாகக் கடிகாரத்தில் நேரத்தைச் சரிசெய்வார்கள் என்று விதியிலேயே இருக்கிறது. ஃபிடே விதி. எனக்கு அதுவரை தெரியாது.

அப்படித்தான் செஸ் என்றாலே கொட்டாவி விடும் பெரியவள் புதுக் கண்ணாடியோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். நாங்கள் எல்லாரும் வெளியே, பெற்றோரை உள்ளே விடமாட்டார்கள், படிக்கட்டு முழுக்கத் தூக்குச் சட்டியும் தண்ணீர் பாட்டிலுமாக அம்மா அப்பாக்கள். தோற்றுவிட்டு அழுதுகொண்டே வரும் பிள்ளையை அங்கேயே நிறுத்தி ‘ஏன் ராணியை விட்டாய்’ என்று கேட்கிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், முதலில் அதற்கு ஒரு இட்லியைக் கொடுங்கள் ஐயா. எங்கள் ஆள் ஒரு ஆட்டத்தில் யோசிக்காமல் ராணியைத் தொட்டுவிட்டான், தொட்டால் அதைத்தான் நகர்த்தவேண்டும், அத்தோடு ஆட்டம் போனது. வெளியே வந்து அவன் அழவில்லை, பெரியவள்தான் குதித்தாள், ‘நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் அம்மா, வாயைத் திறக்கவே கூடாது என்கிறார்கள்’ என்று. இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பேரும் பலகையைப் போட்டு உட்காருகிறார்கள். அவளை எந்தக் கிளாஸிலும் நாங்கள் சேர்க்கவில்லை.

அதே ஆகஸ்டில் அவளுக்கு ஹிந்தி பிரச்சார சபா பரீட்சையும் வந்தது, எழுதினாள், பாஸ். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல.

நவராத்திரியில் டான்ஸ் கிளாஸ் பிள்ளைகளுக்குக் கொலுவில் ஆட நாலைந்து வீட்டில் கூப்பிட்டார்கள். மேக்கப், வாடகை டிரஸ், ஜடை நாகம், சவுரி. சவுரியை ஒரு பிள்ளை தலையிலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்று எனக்கு விஜயதசமி முடிந்த வாரம்தான் புரிந்தது, பெரியவள் தலையைச் சொறிந்துகொண்டே கணக்குப் போடுகிறாள். காலாண்டு லீவு மிச்சமெல்லாம் பேன் சீப்பும் வெள்ளைத் துணியுமாகத் திண்ணையில் போனது. இனிமேல் சவுரி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். சங்கடப்படாமல் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை. காலை ஆறு மணிக்கு எழுந்து பல் விளக்காமல் கலெக்டர் அறிவிப்பைத் தேடுவதில் இருக்கும் சுறுசுறுப்பைச் சின்னவன் வாய்ப்பாட்டில் காட்டினால் போதும். லீவு விஷயத்தில் இந்த வருடம் அவனுக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. 2025இல் வைகுண்ட ஏகாதசி இரண்டு தடவை, ஜனவரி 10 ஒன்று, டிசம்பர் 30 ஒன்று. ஜனவரியில் வந்தது வெள்ளிக்கிழமை, திருச்சி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. டிசம்பரில் வந்தது அரையாண்டு லீவுக்குள்ளேயே விழுந்துவிட்டது, பெருமாள் ஒரு நாளை வீணடித்துவிட்டார் என்கிறான். அவனுக்கென்ன, எனக்கு இரண்டு தடவையும் வீடு முழுக்க ஆள், பரமபத வாசல் திறக்கும் நேரத்துக்குப் போகவேண்டும் என்று முந்தின ராத்திரியே வந்துவிடுகிறார்கள், கூடத்தில் பாய்க்குப் பாய் இடமில்லை, காபி போட்டுப் போட்டு ஃபில்டரே சூடு ஆறவில்லை.

சரி, ஜனவரியில் என்ன. டான்ஸ் தொடரும். ஹிந்தியும் தொடரும், பிப்ரவரி பரீட்சைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. கீபோர்டு வேண்டும் என்று சின்னவன் கேட்கிறான், தில்லைநகரில் நல்ல மாஸ்டர் இருக்கிறாராம், தில்லைநகர் பாலத்துக்கு அந்தப் பக்கம், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிலம்பம் மட்டும் இப்போது விடலாம் என்று தோன்றுகிறது, ஊஞ்சலை விட அது பாதுகாப்பு. அம்மா மண்டபம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் முடிகிற மாதிரி, காத்திருக்கிற ஆள் உட்கார ஒரு திண்ணையாவது இருக்கிற இடத்தில் யாராவது சிலம்பம் சொல்லிக்கொடுத்தால் எனக்குச் சொல்லுங்கள். மாமா திண்ணை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்.