புகை காக்கும் கூரை

நேயர்களுக்கு வணக்கம். உலகத்தின் பழைய வீடுகள் அந்தந்த ஊருக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று பேசச் சொன்னார்கள். ஜப்பான், ஈரான், மங்கோலியா என்று மூன்றைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஜப்பான் பேச்சை எடுத்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்கலாம்.

ஜப்பானில் கிஃபு என்ற பகுதி. அங்கே மலைகளுக்கு நடுவே சிராகவா-கோ என்று ஒரு பள்ளத்தாக்கு. பனி என்றால் நம் மார்கழிப் பனி இல்லை. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே குவிந்து கிடக்கும். அதுவும் ஈரம் கோத்த கனமான பனி. அது கூரை மேல் தங்கினால் வீடு தாங்காது. அதனால் கூரையை ஏறக்குறைய 60 டிகிரி சாய்வில் எழுப்பிவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் கண்ணிலேயே படாது, கூரைதான் வீடு.

அந்தக் கூரை முழுக்கப் புல். நாணல் மாதிரி உயரமாக வளர்கிற புல்லை ஒரு முழத்துக்கு மேல் கனமாக வேய்ந்திருப்பார்கள். கூரைச் சட்டங்களில் இரும்பு ஆணி கிடையாது. வைக்கோல் கயிறும் ஒரு காட்டுச் செடியின் இளந்தண்டும்தான். தண்டைப் பச்சையாக இருக்கும்போதே நசுக்கித் துவளவைத்து முடிச்சுப் போடுவார்கள். காயக் காய முடிச்சு இறுகும். பெருங்காற்று அடித்தால் கூரை கொஞ்சம் அசைந்து கொடுக்கும். கூரைக்குள்ளே அடுக்கடுக்காகப் பரண்கள். மலங்காட்டில் நெல்லுக்கு நிலம் குறைவு, ஆகவே பரணில் பட்டுப்புழு வளர்த்தார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நடுக்கூடத்தில் தரையிலேயே குழித்த அடுப்பு. புகைபோக்கி கிடையாது! புகை பரண்களின் இடுக்கு வழியாக ஏறி, கூரை முழுக்கப் பரவி, புல்லுக்குள் கசிந்துதான் வெளியே போகும். புல்லும் கயிறும் மரமும் கறுத்துப் போகும். ஆனால் ஈரம் தங்காது, பூச்சி அண்டாது. நம் ஊரில் கீற்று வேய்ந்த சமையல்கட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற ஓலைதான் கறுத்துக் கிடக்கும், அதுதான் கடைசிவரை உளுக்காமலும் இருக்கும்.

இந்தக் கூரை 30, 40 வருடம் உழைக்கும். பிறகு புதிதாக வேய வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா அது? ஊரே திரண்டு வரும். நூறு, இருநூறு பேர் ஏறி, ஒரு பக்கத்துக் கூரையை ஒரே நாளில் வேய்ந்து முடிப்பார்கள். யார் வீட்டிலிருந்து எத்தனை ஆள் வந்தார்கள், எத்தனை கட்டுப் புல் வந்தது, எவ்வளவு கயிறு வந்தது என்று நம் மொய் நோட்டு மாதிரியே எழுதி வைத்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டு முறை வரும்போது இவர்கள் திருப்பிச் செய்ய வேண்டும்.

1995-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் சமையல் எரிவாயுவுக்கு மாறிவிட்டது, கூடத்து அடுப்பு பல வீடுகளில் அணைந்துவிட்டது. புகை நின்றதும் புல் சீக்கிரம் மட்குகிறது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பழைய வீடு இயற்கையோடு இயைந்தது என்று பத்திரிகைகளில் எழுதுகிறோம், ஆனால் வீடு தானாக எதோடும் இயைவதில்லை. உள்ளே இருக்கிறவர் தினமும் அடுப்பு மூட்ட வேண்டும்.

ஈரானின் யஸ்த் நகரத்திலும் இதே கதை. பாலைவன ஓரம், பச்சை மண்கல் வீடுகள், மொட்டைமாடியில் காற்றுக் கோபுரங்கள். மேலே வீசுகிற காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்குவது அவற்றின் வேலை. காற்று இல்லாத நாளில் உள்ளே இருக்கிற சூடு அதே வழியாக மேலேறிப் போய்விடும். தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் 33 மீட்டர் உயரம். எல்லோரும் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள், குடும்பம் இடம் மாறுவதை யாரும் கவனிப்பதில்லை. முற்றத்தின் ஒரு பக்கத்து அறைகள் கோடைக்கு, எதிர்ப்பக்கத்து அறைகள் குளிருக்கு. கோடை மதியம் நிலவறையில் படுக்கை, ராத்திரி மொட்டைமாடியில். பாய் தலையணையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே குடி மாறுகிறார்கள். ஒரே அறையில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவருக்குக் கோபுரம் எதற்கு?

அருகிலுள்ள அர்தகான் ஊரில் இந்தக் கோபுரத்துக்கு ஒரு பக்கம் மட்டுமே திறப்பு. மற்ற பக்கங்களிலிருந்து வருவது புழுதிக் காற்று என்பதால்... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

மங்கோலியாவின் கம்பளிக் கூடாரத்துக்கு ஒரு நிமிடம் கூட மிச்சமில்லை. ஆட்டு ரோமத்தை அமுக்கிச் செய்த தடித்த போர்வை, மடக்கக்கூடிய மரச்சட்டம், தெற்குப் பார்த்த வாசல். புல் தீர்ந்தால் குடும்பமே சேர்ந்து சில மணி நேரத்தில் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றிவிடும், இப்போது லாரியிலும் ஏற்றுகிறார்கள். மீதியை இன்னொரு முறை அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.