வேகம் நின்ற இடத்தில் நாகேஷ்

அவைத்தலைவர் அவர்களே, திரைப்பட ஆர்வலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நகைச்சுவை நடிகர் ஒருவர் அடங்கிய பாத்திரம் ஒன்றை ஏற்றுவிட்டால், 'இப்போதுதான் உண்மையில் நடித்திருக்கிறார்' என்று பாராட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை. சிரிக்க வைத்த காலத்தில் சேர்த்துவைத்த உடலறிவையும் கால அளவையும் கொண்டுதான் அவர் அமைதியையும் நடிக்கிறார் என்பதற்கு நாகேஷ் அவர்களைவிடச் சிறந்த சான்று நமக்கு வேண்டியதில்லை.

1964ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில், டி.எஸ். பாலையாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, கண்ணாலும் கையாலும் தொண்டையாலும் திகில் கதை சொல்லி அவரை நடுநடுங்க வைத்த நாகேஷின் செல்லப்பாவை நாம் அனைவரும் அறிவோம். அதே ஆண்டு டிசம்பரில், கே. பாலசந்தர் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'சர்வர் சுந்தரம்' வெளிவந்தது. உடல் அதே உடல்தான், சுறுசுறுப்பும் அதேதான். ஆனால் இங்கே அந்தச் சுறுசுறுப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஓட்டலில் காபிப் பாத்திரங்களை அடுக்கிச் சுமந்துகொண்டு மேசைக்கு மேசை விரைகிறவனுக்கு வேகம்தான் பிழைப்பு. நாம் சிரிப்பது ஓர் உழைப்பாளியின் ஓட்டத்தைப் பார்த்துத்தான் என்பதைப் படம் மெல்ல மெல்ல நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே, தான் நேசிக்கும் ராதா தன் நண்பன் ராகவனையே விரும்புகிறாள் என்று சுந்தரம் அறியும்போது, நடிகர் புதிதாக எதையும் செய்ய வேண்டிய தேவையில்லை. இதுவரை ஓடிக்கொண்டிருந்தவை நின்றால் போதும். ஓயாத கைகள் ஓய்கின்றன. அம்மைத் தழும்பேறிய அந்த முகத்தை, ஓட்டத்தின் நடுவே நாம் சரியாகப் பார்த்தே இராத முகத்தை, அப்போதுதான் நின்று பார்க்கிறோம். பிறவியிலேயே அமைதியான ஒருவர் அங்கே நின்றிருந்தால் அந்த மௌனத்துக்கு இத்தனை கனம் இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். பிறகு அவன் சினிமாவில் பேரும் புகழும் பெறுகிறான்; பெற்ற தாயின் கடைசி நேரத்தில் அருகிலிருக்கும் பேறு மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை. மீண்டும் அவன் சர்வர் உடையை அணியும்போது, முதலில் நம்மைச் சிரிக்க வைத்த அதே உடை நெஞ்சை அடைக்கிறது.

பாலசந்தர் இதை நன்கு அறிந்திருந்தார். 1965இல் தாம் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'யில், மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் கதையின் நடுநாயகமாக நாகேஷையே நிறுத்தினார். 1968இல் 'எதிர்நீச்சல்' வந்தது. பல குடித்தனங்கள் உள்ள வீட்டின் மாடிப்படிக்கு அடியில் வாழும், நாகேஷ் நடித்த மாது என்னும் அநாதை இளைஞன், எந்த வீட்டிலிருந்து குரல் வந்தாலும் ஓடுகிறான். ஏவிய வேலையைச் செய்துகொண்டே படிக்கவும் செய்கிறான். அந்த ஓட்டமும் சிரிப்பைத் தருகிறது, கூடவே ஒரு குற்றவுணர்வையும் தருகிறது. என்னைக் கேட்டால், சுந்தரத்தைவிட மாதுவே நுட்பமான படைப்பு.

இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் தள்ளி வாருங்கள். 1994இல், 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் பிணமாக நடித்தார். வசனம் இல்லை, பார்வை இல்லை. பிறர் இழுத்த இழுப்புக்கெல்லாம் இணங்கும் ஓர் உடல் மட்டும். அரங்கம் குலுங்கியது. அதே ஆண்டில் வந்த 'நம்மவர்' படத்தில், மகளைப் பறிகொடுத்த தந்தையாக அவர் நின்றார். துணை நடிகருக்கான தேசிய விருது அந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது. இறந்தவராகக் கிடந்து சிரிக்க வைத்தவர், இறந்த பிள்ளையின் முன் நின்றார். செல்லப்பாவின் அந்தப் பழைய வேகம் தந்தையின் குரலில் எழ முயன்று முயன்று பாதியிலேயே முறிந்து விழுந்தது.